புத்தாண்டுப் பயணத் தீர்மானம்: ஊரைக் குறிக்கிறோம், நாளைக் குறிப்பதில்லை

டிசம்பர் கடைசியில் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எந்தத் தமிழ் வீட்டுக்குப் போனாலும் இந்தப் பேச்சு வந்துவிடும்: "வர்ற வருஷமாவது ஊருக்குப் போயிட்டு வரணும்." ஊர் என்றால் சிலருக்குச் சென்னையும் மதுரையும். சிலருக்குக் கொள்ளுத்தாத்தா கப்பலேறுவதற்கு முன் வாழ்ந்த, பெயர்கூடச் சரியாகத் தெரியாத ஒரு கிராமம். பிள்ளைகளுக்கோ கேப்டவுன், க்ரூகர் பூங்கா. அடுத்த டிசம்பரிலும் அதே பேச்சு அப்படியே இருக்கும். பணம் புரளவில்லை என்று சொல்லிக்கொள்கிறோம். அதுவும் உண்டுதான். ஆனால் நான் பார்த்தவரையில், முக்கால்வாசித் தீர்மானங்கள் கலைந்துபோவது நாளும் ஆளும் குறிக்காமல் விட்டதால்தான்.

நாளிலிருந்து தொடங்குவோம். தென்னாப்பிரிக்கச் சட்டப்படி ஒரு தொழிலாளிக்கு ஆண்டுக்குக் குறைந்தது 21 தொடர் நாட்கள் விடுப்பு. வாரம் ஐந்து நாள் வேலை செய்பவருக்கு அது 15 வேலை நாள். டிசம்பரில் அலுவலகமே மூடிவிடும் இடங்களில் அதில் ஒரு பகுதி அப்போதே கழிந்துவிடும். மிச்சம் எத்தனை நாள் என்று எண்ணாமல், இந்தியாவுக்கு மூன்று வாரம், கேப்டவுனுக்கு ஒரு வாரம் என்று எழுதுவது பெரிய தவறு. முதலில் நாட்காட்டியை விரியுங்கள். 2026-இல் ஏப்ரல் 27 திங்கள், மே 1 வெள்ளி. இரண்டுமே அரசு விடுமுறை. இடையில் மூன்று நாள் விடுப்பு எடுத்தால் ஒன்பது நாள் கையில் வரும். ஆகஸ்ட் 9 ஞாயிற்றுக்கிழமை என்பதால் மறுநாள் திங்களும் விடுமுறை. இப்படிப்பட்ட வாரங்களை மற்றவர்களும் கண் வைத்திருப்பார்கள். விடுப்புக் கடிதத்தை ஜனவரியிலேயே கொடுப்பவருக்குத்தான் அது கிடைக்கும்.

அடுத்தது, இங்குள்ள விடுமுறையை மட்டும் பார்த்து, அங்குள்ள காலத்தைப் பார்க்காமல் விடுவது. பள்ளிகளின் நீண்ட விடுமுறை டிசம்பரில். அப்போது விமானக் கட்டணம் உச்சத்தில் இருக்கும். சென்னையில் வடகிழக்குப் பருவமழையும் முழுதாக விட்டிருக்காது. பொங்கலையும் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்றால் அதற்குள் இங்கே பள்ளி திறக்கும் நேரம் வந்துவிடும். தீபாவளி பள்ளி நடக்கும் காலத்தில் வரும். ஈஸ்டர் விடுமுறை வசதியாகத் தோன்றும். ஆனால் புனித வெள்ளியன்று டர்பனை ஒட்டிய மவுண்ட் எட்ஜ்கோம்பிலும் இசிபிங்கோவிலும் மாரியம்மன் கோயில் திருவிழா. நேர்த்திக்கடன் உள்ள குடும்பம் அன்று ஊரை விட்டுக் கிளம்பாது.

பலரும் கவனிக்காமல் விடுவது ஜூன் கடைசியில் தொடங்கும் குளிர்கால விடுமுறையை. தமிழ்நாட்டில் கத்திரி வெயில் தணிந்திருக்கும், குற்றாலத்தில் சீசன் தொடங்கியிருக்கும், ஜூலை நடுவில் ஆடி பிறந்துவிடும். அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றுவதைப் பிள்ளைகள் நேரில் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படும் டர்பன் குடும்பத்துக்கு அதைவிடப் பொருத்தமான நேரம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

இனி, என் மனதுக்கு மிக நெருக்கமான விஷயத்துக்கு வருகிறேன். பூர்வீகக் கிராமத்தைத் தேடிப் போவது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த 'ட்ரூரோ' கப்பல் டர்பனில் நங்கூரமிட்டது. அன்று தொடங்கி 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் உள்ள பகுதியான நேட்டாலுக்கு வந்தவர்கள் 1,52,184 பேர். இவர்களில் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள். அவர்களின் கொள்ளுப்பேரர்கள் "இந்த வருஷம் கிராமத்தைக் கண்டுபிடிச்சே தீருவேன்" என்று டிக்கெட் எடுத்துக் கிளம்புகிறார்கள். தேடலை அங்கே போய்த் தொடங்கலாம் என்று நினைப்பதுதான் இங்கே நேரும் தவறு. தேடலின் பெரும்பாதி டர்பனிலேயே முடிய வேண்டிய வேலை.

அப்படி வந்த ஒவ்வொருவருக்கும் ஓர் எண் இருந்தது. கப்பல் பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா (மாவட்டம்), தாணா (காவல் நிலைய எல்லை), கிராமம், உடலில் உள்ள தழும்பு அல்லது மச்சம் வரை எழுதியிருப்பார்கள். வெஸ்ட்வில்லில் க்வாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் இந்தப் பட்டியல்களைப் பார்க்கலாம். எண் தெரியாவிட்டால் வீட்டிலுள்ள பழைய பிறப்பு, திருமணச் சான்றுகளைப் புரட்டுங்கள். அவற்றில் பெற்றோரின் எண் குறிக்கப்பட்டிருப்பது உண்டு. எண் இல்லாமல் வெறும் 'முனுசாமி'யைத் தேடினால் நூற்றுக்கணக்கான முனுசாமிகள் வருவார்கள்.

பட்டியலில் அவருக்குரிய வரி கிடைத்ததும் வேலை முடிந்துவிடாது. எழுதியவர்கள் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியவர்கள். கிராமத்தின் பெயர் 'புதூர்' என்றிருந்தால் தமிழ்நாட்டில் எந்தப் புதூர்? தாணாவும் ஜில்லாவும் சேர்ந்தால்தான் வழி பிறக்கும். அந்த ஜில்லாக்களில் பலவும் இன்று அப்படியே இல்லை. வட ஆற்காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நேட்டாலுக்கு அதிகம் பேரை அனுப்பிய மாவட்டங்களில் ஒன்று. சித்தூர் அதிலிருந்து 1911-இல் பிரிந்து தனி மாவட்டமானது, இன்று ஆந்திரத்தில் இருக்கிறது. எஞ்சிய வட ஆற்காடு 1989-இல் இரண்டானது. அப்படி உருவான வேலூர் மாவட்டத்திலிருந்து 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. 'வட ஆற்காடு' என்ற ஒற்றை வார்த்தையை நம்பி வேலூரில் போய் இறங்குபவர், ஆந்திரத்தில் தேட வேண்டிய கிராமத்தை அங்கே தேடிக்கொண்டிருப்பார். பழைய தாலுகா வரைபடத்தையும் இன்றைய வரைபடத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தபிறகு டிக்கெட் எடுங்கள்.

இன்னொன்று, குலதெய்வம். வீட்டில் ஆயாவுக்கு, அதாவது பாட்டிக்குத் தெரிந்திருக்கும். எந்தச் சாமிக்குப் படையல், எந்த மாதத்தில், கெடா வெட்டா பொங்கலா, குழந்தைக்கு முதல் மொட்டை எந்தச் சாமி பேரில் என்று கேளுங்கள். பட்டியலில் எழுத்து குழம்பியிருக்கும் இடத்தில் அந்தச் சாமியின் பெயர் ஊரைக் காட்டிக்கொடுக்கலாம். கிராமத்துப் பெரியவர்களிடம் பேச்சைத் தொடங்கவும் அதுவே உதவும். ஆகவே இந்த ஆண்டுக்கான தீர்மானத்தை "கிராமத்துக்குப் போவேன்" என்று எழுதாதீர்கள். "மார்ச்சுக்குள் எண்ணைக் கண்டுபிடிப்பேன், மே மாதத்துக்குள் ஆயா சொல்வதையெல்லாம் போனில் பதிவு செய்வேன்" என்று எழுதுங்கள். பயணம் அதற்கடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போனாலும் குறையில்லை.

ஆனால் ஆயாவையே கூட்டிப்போவதாக இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். "யாரோடு" என்று குறிக்காத பட்டியலில் எப்போதும் விட்டுப்போவது வயதானவர்கள்தான். வேலை, வீடு, படிப்பு எல்லாம் ஒழுங்கானபின் கூட்டிப்போகலாம் என்று நினைக்கிறோம். அவர்களுடைய முழங்காலும் இதயமும் நமக்காகக் காத்திருப்பதில்லை. எழுபதைத் தாண்டிய பெற்றோரோடு போக வேண்டிய பயணத்தைப் பட்டியலில் முதலில் வையுங்கள். ஐந்து கோயில் என்பதை இரண்டாகக் குறையுங்கள். மலைக்கோட்டை ஏறுவதை விட்டுவிட்டு ஸ்ரீரங்கத்தில் ஒரு முழுநாள் இருங்கள்.

காகித விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரியவர்களின் பாஸ்போர்ட் 10 ஆண்டுக்கு, 16 வயதுக்குட்பட்டவர்களுக்கு 5 ஆண்டுதான். அப்பா பாஸ்போர்ட் நன்றாக இருக்கும், பிள்ளையுடையது முடிந்திருக்கும். அதை விமானம் ஏறும் வாரத்தில் கவனிக்கிறார்கள். இந்தியாவுக்கு ஆறு மாதச் செல்லுபடி மிச்சம் இருக்க வேண்டும். பெற்றோரில் ஒருவர் மட்டும் பிள்ளையை அழைத்துப்போனால் மற்றவரின் ஒப்புதல் கடிதம் தேவை. மலிவு டிக்கெட்டில் எத்தியோப்பியாவிலோ கென்யாவிலோ இரவு தங்கிப் போவதாக இருந்தால் மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்றிதழையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அது செல்லுபடியாகும்.

பணத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. போனஸ் டிசம்பரில் கரைந்து, பள்ளிக் கட்டணமும் சீருடையும் கழுத்தை நெரிக்கும் ஜனவரியில் உட்கார்ந்து தீர்மானம் எழுதினால், ஒன்று ஆசையைச் சுருக்குவோம், இல்லை கடனட்டையை நீட்டுவோம். சொந்தக்காரர்கள் நாலு வீடு சேர்ந்து சீட்டுப் போடுங்கள். இங்குள்ள ஸ்டாக்வெல்லும் அதுதானே. போகும் மாதத்துக்கு இரண்டு மாதம் முன்னால் சீட்டு எடுப்பது போல வரிசை வைத்தால் டிக்கெட்டுக்குப் பணம் தயாராக இருக்கும்.

கடைசியாக, எல்லாத் தீர்மானத்தையும் கடல் கடந்ததாக வைப்பது. டர்பனிலிருந்து காரில் மூன்று மணி நேரத்தில் ஷ்லுஷ்லுவே-இம்ஃபோலோசி. 1895-இல் தொடங்கிய வனவிலங்குக் காப்பகம். அழிவின் விளிம்பில் இருந்த வெள்ளைக் காண்டாமிருகம் மீண்டது அங்கேதான். அதைப் பார்க்காமலே வளர்ந்த டர்பன் பிள்ளைகள் நிறைய. விடியற்காலையில் புளிசோறு கட்டிக்கொண்டு கிளம்பினால் இருட்டுவதற்குள் வீடு திரும்பலாம். விடுப்பு எடுக்க வேண்டியதே இல்லை. க்ரூகருக்குப் போவதாக இருந்தால் மே முதல் செப்டம்பர் வரையுள்ள வறண்ட காலம் நல்லது. புல் குட்டையாகி விலங்குகள் நீர்நிலைக்கு வரும், மலேரியா அபாயமும் குறைவு. ஆனால் அங்குள்ள முகாம்களில் 11 மாதம் முன்பே முன்பதிவு திறந்துவிடும். ஜூலைப் பள்ளி விடுமுறைக்கான அறைகளை முந்தின ஆகஸ்டிலேயே எடுக்கத் தொடங்கிவிடுவார்கள். ஜனவரியில் நினைப்பவர்கள் வார நாட்களிலும் பெயர் பெறாத சிறு முகாம்களிலும் இடம் தேடலாம். அடுத்த ஜூலைக்கு வேண்டுமென்றால் இந்த ஆகஸ்டின் தொடக்கத்தை இப்போதே நாட்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள்.