ரோடு தோண்டியிருக்காங்க, பார்க்கிங் இல்ல: நம்ம தெரு கடைகளுக்கு கைகொடுக்கிறது எப்படி? ஸ்டெப் பை ஸ்டெப்

சென்னை மயிலாப்பூர் பக்கம் இப்ப வந்தவங்களுக்கு சொல்லவே வேணாம், லஸ் கார்னர்லேந்து கச்சேரி ரோடு, ஆர்.கே. மடம் ரோடுன்னு எங்க பாத்தாலும் தகர தடுப்பு, டைவர்ஷன், தூசி. எல்லாம் மெட்ரோ ரயில் வேலைக்கு. அதோட ரெண்டாம் கட்டம் மொத்தம் 118.9 கிலோமீட்டர், மூணு வழித்தடம், அதுல மாதவரம் – சிப்காட் வழியும் கலங்கரை விளக்கம் – பூந்தமல்லி வழியும் ஒண்ணுக்கொண்ணு சந்திக்கிற இடம் நம்ம திருமயிலை, அதுவும் பூமிக்கு அடியில மாடி மாடியா கட்டுற ஸ்டேஷன், அதனால இது ரெண்டு மாசத்துல மூடிட்டு போற குழி இல்ல, வருஷக்கணக்கு வேலை. மெட்ரோ வரட்டும், வந்தா எல்லாருக்கும் நல்லது. ஆனா அது வர்ற வரைக்கும் இங்க இருக்கிற நாட்டு மருந்து கடை, பாத்திரக் கடை, பூக்கட்டுற அக்கா, கீரை விக்கிற பாட்டி இவங்கல்லாம் தாக்குப்பிடிக்கணுமே, அதுக்குத்தான் இந்த பதிவு.

ரொம்ப நாளா இந்த தெருக்கள்ல நடந்து கடைக்காரங்க கூட பேசினதுல எனக்கு ஒண்ணு தெளிவா புரிஞ்சது. கடைக்கு ஆள் வராததுக்கு தோண்டின குழி மட்டும் காரணம் இல்ல. "அங்க போகவே முடியாதாம்"னு ஜனங்க மனசுல ஒரு எண்ணம் விழுந்துடுது பாருங்க, அதுதான் பெரிய அடி. நிஜத்துல நடந்து போக வழி இருக்கும், கடையும் திறந்திருக்கும், ஆனா வழி யாருக்கும் தெரியாது. அதனால கீழ சொல்லப்போற எல்லாமே அந்த வழியை ஜனங்களுக்கு காட்டுறதுக்கான வேலைதான். நீங்க கடைக்காரரா இருந்தாலும் சரி, பக்கத்து தெருவுல குடியிருக்கிறவரா இருந்தாலும் சரி, காலேஜ் படிக்கிற பிள்ளையா இருந்தாலும் சரி, முன்ன பின்ன இந்த மாதிரி எதுவும் பண்ணதில்லைன்னாலும் பரவால்ல, ஒவ்வொண்ணா வாங்க. உங்க ஊர்ல பாதாள சாக்கடைக்கு தோண்டியிருந்தாலும் இதே முறைதான்.

ஸ்டெப் 1: தோண்டினது யாருன்னு கண்டுபிடிங்க

கேக்க சின்ன விஷயமா இருக்கும், ஆனா முக்கால்வாசி பேர் தப்பான ஆபீசுக்கு மனு எழுதிட்டு மாசக்கணக்கா காத்திருக்காங்க. ஒரே தெருவுல மெட்ரோ ரயில் ஒரு பக்கம் தோண்டும், மெட்ரோ வாட்டர் (குடிநீர், கழிவுநீர் வாரியம்) இன்னொரு பக்கம் தோண்டும், ஈபி கேபிள் தனி, கார்ப்பரேஷன் மழைநீர் வடிகால் தனி. வண்டி எந்த பக்கம் திரும்பணும்ங்கிறதை முடிவு பண்றது டிராஃபிக் போலீஸ். தடுப்புல இருக்கிற பேரை படிங்க, வேலை விவரம் எழுதின போர்டு இருந்தா போட்டோ எடுத்துக்கோங்க, சைட்ல ஹெல்மெட் போட்டு நிக்கிற சூப்பர்வைசர் கிட்ட "அண்ணே, இது எந்த டிபார்ட்மெண்ட் வேலை, எப்ப வரைக்கும்"னு கேளுங்க, சொல்லிடுவாங்க. பதிலே கிடைக்கலன்னா 10 ரூபா கட்டி தகவல் உரிமைச் சட்டத்துல ஒரு மனு போடுங்க, 30 நாளுக்குள்ள பதில் தரணும்.

ஸ்டெப் 2: நடந்து பாத்து வழி வரைங்க

ஒரு பேப்பர், ஒரு பேனா போதும். பஸ் இறங்குற இடத்துலேந்து, ரயில்வே ஸ்டேஷன்லேந்து, ஆட்டோ நிறுத்த முடியுற கடைசி இடத்துலேந்து ஒவ்வொரு கடைக்கும் நடந்து போய் பாருங்க. எங்க சந்து திறந்திருக்கு, எங்க பாதை குறுகுது, எந்த இடத்துல வயசானவங்க கால் தடுக்கும், வீல்சேர் போகுமா, மழை பெஞ்சா எங்க தண்ணி நிக்கும், எல்லாத்தையும் குறிங்க. காலையில ஒரு தடவை, சாயங்காலம் விளக்கு வைச்சதுக்கப்புறம் ஒரு தடவை போங்க, ஏன்னா பகல்ல நல்லா இருக்கிற சந்து ராத்திரி கும்மிருட்டா இருக்கும், பொம்பளைங்க அந்த பக்கம் வர மாட்டாங்க.

மயிலாப்பூருக்கு ஒரு பெரிய வசதி பறக்கும் ரயில். திருமயிலை ஸ்டேஷன் இருக்கு, முண்டகக்கண்ணியம்மன் கோயில் ஸ்டேஷன் இருக்கு, அந்தப்பக்கம் மந்தைவெளி இருக்கு. கார்ல வந்து பார்க்கிங் தேடி சுத்துற நேரத்துல ரயில்ல வந்து சாமானே வாங்கிட்டு திரும்பிடலாம். கட்டணமில்லா டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட்டே இல்ல. இதை உங்க வரைபடத்துல பெருசா எழுதுங்க, ஆனா டைவர்ஷன்னால பஸ் நிக்கிற இடம் மாறியிருந்தா புது இடத்தை போடணும், பழசை போட்டுட்டா அவ்வளவுதான், வந்தவங்க திட்டிட்டு போயிடுவாங்க.

ஸ்டெப் 3: போர்டை கடை வாசல்ல வைக்காதீங்க

"கடை வழக்கம்போல் இயங்குகிறது"ன்னு பேனர் அடிச்சு கடை மேலயே கட்டியிருப்பாங்க. கடை வரைக்கும் வந்தவருக்கு அது எதுக்கு, கடை திறந்திருக்கிறது அவருக்கே தெரியுதே! போர்டு வேண்டியது திருப்பத்துல, ஜனங்க தடுப்பை பாத்துட்டு "சரி, வேற எங்கயாவது போவோம்"னு முடிவு எடுக்கிற அந்த இடத்துல. அங்க ஒரு அம்புக்குறி, "பாத்திரக் கடை, ஜவுளி, நாட்டு மருந்து – இந்த வழி, 2 நிமிஷ நடை" அப்படின்னு எழுதுங்க. எத்தனை நிமிஷம்னு போடுறது ரொம்ப முக்கியம், தூரம் தெரியாம யாரும் சந்துக்குள்ள நுழைய மாட்டாங்க.

ஆளாளுக்கு தனித்தனி பேனர் வேணாம், பத்து கடை சேந்து ஒரே போர்டு வைங்க, செலவும் கம்மி, பாக்கவும் தெளிவா இருக்கும். அப்புறம் பொது இடத்துல போர்டு வைக்க பர்மிஷன் வேணும், சைட் இன்ஜினியர் கிட்ட சொல்லி தடுப்பு மேலயே கட்ட முடியுமான்னு கேளுங்க. இல்லன்னா திருப்பத்துல இருக்கிற கடைக்காரர் சுவத்துல அவர் சம்மதத்தோட மாட்டுங்க.

ஸ்டெப் 4: போன்ல கடை தெரியணும்

கூகுள் மேப்ஸ்ல உங்க தெரு கடைங்களை ஒவ்வொண்ணா தேடி பாருங்க. சில கடைக்கு "தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது"ன்னு யாரோ போட்டு வச்சிருப்பாங்க, கடைக்காரருக்கு அது தெரியவே தெரியாது. திருத்தம் சொல்றதுக்கு அதுலயே ஆப்ஷன் இருக்கு, காசு கிடையாது, கடை திறந்திருக்கிற இன்னைக்கு எடுத்த போட்டோ ஒண்ணையும் ஏத்திடுங்க. வயசான கடைக்காரர்னா பக்கத்துல உக்காந்து நீங்களே பண்ணிக்குடுங்க.

அடுத்து வாட்ஸ்அப். கடை பேரு, என்ன கிடைக்கும், போன் நம்பர், எத்தனை மணி வரைக்கும், வீட்டுக்கு கொண்டு வந்து குடுப்பாங்களா, இவ்வளவும் ஒரே மெசேஜ்ல தமிழ்ல அடிச்சு அபார்ட்மெண்ட் குரூப், ஸ்கூல் அம்மாக்கள் குரூப், கோயில் குரூப்னு அனுப்புங்க. நம்பரை போடுறதுக்கு முன்னாடி கடைக்காரர் கிட்ட கேட்டுக்கோங்க. தினமும் அனுப்பாதீங்க, மியூட் பண்ணிடுவாங்க. வாரத்துக்கு ஒரு தடவை, வழி மாறினா அன்னைக்கு ஒரு தடவை, போதும்.

ஸ்டெப் 5: பார்க்கிங்

இதுதான் பெரிய சண்டை, அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன். காலையில கடை திறக்கிற நேரத்துல போய் தெருவுல நின்னு பாருங்க. முதல்ல வந்து நிக்கிற வண்டி யாரோடது? ஓனர் பைக், வேலை செய்யுற பசங்க ஸ்கூட்டர், மாடியில டியூஷன் சென்டர் வச்சிருக்கிறவர் கார். மிச்சம் இருக்கிற நாலடி இடமும் காலையிலயே நிறைஞ்சு ராத்திரி வரைக்கும் அசையாது. வாடிக்கையாளர் ஒருத்தர் வந்து போக கால் மணி நேரம்தான் ஆகும், ஒரு பைக் நிக்கிற இடத்துல நாள் முழுக்க எத்தனை பேர் வந்து போகலாம்னு நீங்களே கணக்கு போட்டுக்கோங்க. அதனால கடைக்காரங்க எல்லாரையும் உக்கார வச்சு பேசுங்க. கடை வண்டி எல்லாம் ரெண்டு தெரு தள்ளி நிக்கட்டும், அதுக்கு ஒரு காலி மனையோ கல்யாண மண்டபமோ மாச வாடகைக்கு சேந்து பேசிக்கலாம், முகூர்த்த நாள் தவிர மண்டபத்துல இடம் சும்மாதான் கிடக்கும்.

சரக்கு இறக்குறது இன்னொரு தலைவலி. பதினோரு மணிக்கு மினி லாரி வந்து நின்னா தெருவே அடைச்சுக்கும். காலையில எட்டு மணிக்கு முன்னாடி, இல்லன்னா மத்தியானம் கடை காத்தாடுற நேரத்துல இறக்கிக்கலாம்னு எல்லாரும் ஒரு நேரம் ஒத்துக்கணும். ஒருத்தர் மாறினாலும் மத்தவங்களும் மாறிடுவாங்க, அதனால கடைக்காரங்க சங்கத்துல ஒருத்தர் பொறுப்பு எடுத்து போன் பண்ணி சொல்லிக்கிட்டே இருக்கணும்.

தி.நகரையும் பாருங்க. பாண்டி பஜார்ல 2019-ல ரோட்டை குறைச்சு நடைபாதையை அகலமாக்கினாங்க, 2023-ல மாம்பலம் ரயில்வே ஸ்டேஷன்லேந்து தி.நகர் பஸ் ஸ்டாண்டுக்கு சுமார் 570 மீட்டருக்கு ஆகாய நடைபாதை திறந்தாங்க. வண்டி நிறுத்த இடம் தேடித்தான் கடைக்கு வரணும்னு கட்டாயம் இல்ல, நடக்க வசதி இருந்தா ஜனங்க நடப்பாங்க. அதனால "பார்க்கிங் குடுங்க"ன்னு மட்டும் கேக்காம "நடக்க வழி குடுங்க"ன்னு சேத்து கேளுங்க, அது அவங்களால உடனே செய்ய முடியுற காரியமும் கூட.

ஸ்டெப் 6: சைட் இன்ஜினியர் கிட்ட சின்ன சின்னதா கேளுங்க

"எங்க வியாபாரமே போச்சு"ன்னு கத்தினா அவரால ஒண்ணும் பண்ண முடியாது, அவர் வேலையை நிறுத்த முடியாது. கேக்க வேண்டியது இந்த மாதிரி: தடுப்புக்கும் கடைக்கும் நடுவுல தள்ளுவண்டி போற அளவு இடம், நடுவுல ஒரு இடத்துல கடந்து போக திறப்பு, ராத்திரி விளக்கு, நாளுக்கு ரெண்டு வேளை தண்ணி தெளிக்கிறது, சாக்கடை மேல ஆடாத பலகை. கரண்ட், தண்ணி நிறுத்துறதா இருந்தா ஒரு வாரம் முன்னாடி சொல்லணும். எல்லாத்தையும் ஒரே தாள்ல எழுதி, போட்டோ வச்சு, பத்து கடை கையெழுத்தோட குடுத்து, ஒரு காப்பியில ரிசீவ்டுன்னு வாங்கிக்கோங்க.

இன்னொண்ணு, சீசன். மயிலாப்பூர்ல வருஷ வியாபாரம் கொஞ்ச நாள்லதான் நடக்கும். பங்குனி உற்சவம், அறுபத்து மூவர். புரட்டாசியில நவராத்திரிக்கு வடக்கு மாட வீதியில கொலு பொம்மை. மார்கழியில கச்சேரி சீசன். இந்த நாளெல்லாம் தேதியோட எழுதிக்குடுத்து, இந்த சமயத்துல புது டைவர்ஷன் ஆரம்பிக்காதீங்க, மண் லாரியை ராத்திரிக்கு மாத்துங்கன்னு மூணு மாசம் முன்னாடியே கேளுங்க. பொம்மை விக்கிறவங்க ஊர்லேந்து மண் பொம்மையை வைக்கோல் சுத்தி கொண்டு வந்து பிளாட்பாரத்துல பரப்பி வச்சிருப்பாங்க, ஒரு ஜேசிபி பக்கத்துல உறுமினா தசாவதார செட்டே அதிரும், வாங்க வந்தவங்களும் தூசிக்கு மூக்கை பொத்திட்டு நகர்ந்துடுவாங்க. அவங்களுக்கு மறுபடி வியாபாரம் அடுத்த வருஷம்தான்.

வேலை செய்யுறவங்க கேக்கலன்னா கார்ப்பரேஷன் வேலைக்கு 1913, பொதுவா முதல்வர் உதவி மையம் 1100. மெட்ரோவுக்கு ஜைகா (ஜப்பான் அரசோட உதவி அமைப்பு), ஏ.டி.பி (ஆசிய வளர்ச்சி வங்கி), ஏ.ஐ.ஐ.பி (ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கி) மாதிரி வெளி அமைப்புங்க கடன் குடுத்திருக்கு, அந்த மாதிரி ப்ராஜெக்ட்ல பாதிக்கப்பட்டவங்க புகார் சொல்ல ஒரு குறைதீர்ப்பு ஏற்பாடு இருக்கணும்ங்கிறது கண்டிஷன். அந்த அதிகாரி யாருன்னு கேட்டு அங்கயும் எழுத்துல குடுங்க.

ஸ்டெப் 7: வாங்குறவங்க செய்ய வேண்டியது

குடியிருக்கிறவங்களுக்கு சொல்றேன். மாசாமாசம் வாங்குற அரிசி, பருப்பு, எண்ணெய், பூஜை சாமான்ல ஏதாவது ரெண்டை இந்த தெருவுலதான் வாங்குறதுன்னு முடிவு பண்ணிக்கோங்க. அபார்ட்மெண்ட்ல நாலு வீடு சேந்து லிஸ்ட் குடுத்தா கடைப்பையன் ஒரே நடையில கொண்டு வந்துடுவான். கடன் சொல்லாதீங்க, பழைய பாக்கி இருந்தா இப்ப குடுத்துடுங்க, கையில காசு சுத்துறதுதான் அவங்களுக்கு இப்ப மூச்சு. பூக்காரம்மா தடுப்புக்கு அந்தப்பக்கம் போயிட்டாங்கன்னா எங்க உக்காந்திருக்காங்கன்னு தேடி போய் வாங்குங்க, நாலு பேருக்கும் சொல்லுங்க. அவங்களுக்கு போர்டும் கிடையாது, மேப்பும் கிடையாது.

ஸ்டெப் 8: காசு, சட்டம்

நடைபாதை வியாபாரிகளுக்கு 2014-ல வந்த சட்டம் இருக்கு, இடம் மாத்தணும்னா உள்ளாட்சி 30 நாள் நோட்டீஸ் குடுக்கணும். அடையாள அட்டை இல்லாதவங்களுக்கு விண்ணப்பிக்க உதவி பண்ணுங்க. பி.எம். ஸ்வநிதின்னு நடைபாதை வியாபாரிகளுக்கு மத்திய அரசு கடன் திட்டம் ஒண்ணு இருக்கு, அதுல முதல் தவணை 10,000 ரூபாயா இருந்தது, 2025-ல 15,000 ஆக்கியிருக்காங்க, திட்டத்தையும் 2030 மார்ச் வரைக்கும் நீட்டிச்சிருக்காங்க. கந்துவட்டிக்கு போறதுக்கு முன்னாடி இதை கேட்டு பாக்க சொல்லுங்க.

கடை வச்சிருக்கிறவங்க வேலை ஆரம்பிக்கிறதுக்கு முந்தின வருஷ பில், ஜிஎஸ்டி ரிட்டர்ன், இப்பத்த கணக்கு எல்லாத்தையும் பத்திரமா எடுத்து வைங்க. கட்டட ஓனர் கிட்ட வாடகை குறைக்க பேசணும்னாலும் சரி, நிவாரணம் கேக்கணும்னாலும் சரி, அந்த தாள்தான் பேசும். லாஸ் ஏஞ்சல்ஸ்ல மெட்ரோ கட்டும்போது வழியில இருந்த சின்ன கடைங்களுக்கு வியாபார நஷ்டத்துக்குன்னே தனி நிதி வச்சு வருஷத்துக்கு 50,000 டாலர் வரைக்கும் குடுத்தாங்க. அமெரிக்காவுல செயின்ட் பால்ங்கிற ஊர்ல ரயில் போட்டப்ப 20,000 டாலர் வரைக்கும் தள்ளுபடி ஆகக்கூடிய கடன் குடுத்தாங்க. நம்ம ஊர்லயும் இதை கேக்கலாம், கேக்கணும். சங்கம் மூலமா, எம்.எல்.ஏ. மூலமா, கணக்கோட போய் கேளுங்க.

ஸ்டெப் 9: மாத்திக்கிட்டே இருங்க

டைவர்ஷன் நிலையா இருக்காது. டிராஃபிக் போலீஸோட சோஷியல் மீடியா பக்கத்தை ஒருத்தர் தினமும் காலையில பாக்கட்டும், மாறின அன்னைக்கே திருப்பத்துல இருக்கிற போர்டு, வாட்ஸ்அப் மெசேஜ், கூகுள் போட்டோ மூணையும் மாத்துங்க. இதுக்கு மூணு பேர் போதும்: ஒரு கடைக்காரர், தெருவுல குடியிருக்கிற ஒருத்தர், போன்ல வேகமா வேலை பாக்கிற ஒரு பிள்ளை. ஞாயித்துக்கிழமை காலையில அரை மணி நேரம் மூணு பேரும் சேந்து வழி முழுக்க ஒரு நடை நடந்து பாத்துட்டு வந்துடுங்க.