குடியரசுத் தலைவர் தேர்தலை வகுப்பில் நடத்திப் பாருங்கள்

'மறைமுகத் தேர்தலின் நிறைகுறைகளை எழுதுக' என்ற கேள்விக்கு நானும் பல வருடம் பதிலைக் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள், பரீட்சை முடிந்ததும் மறந்தார்கள். இப்போது தேர்தலையே நடத்திவிடுகிறேன். இரண்டு பீரியட் போதும்.

குடியரசுத் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, மக்கள் தேர்ந்தெடுத்த எம்.எல்.ஏ.க்களும் எம்.பி.க்களும்தான் ஓட்டுப் போடுகிறார்கள். அதுதான் மறைமுகத் தேர்தல். முதலில் அந்த ஓட்டின் கணக்கு. 1971 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்கள்தொகை 4,11,99,168. அதை 234ஆல் வகுத்து, வந்ததை 1,000ஆல் வகுக்கச் சொல்லுங்கள். 176 வரும். நம் எம்.எல்.ஏ. ஒருவருடைய ஓட்டின் மதிப்பு அது. உத்தரப் பிரதேசத்தில் 208, சிக்கிமில் 7. எல்லா எம்.எல்.ஏ.க்களின் மதிப்பையும் கூட்டினால் எம்.பி.க்களின் மொத்த மதிப்புக்குச் சமமாக வரும்படிதான் கணக்கே போட்டிருக்கிறார்கள். 2022இல் எம்.எல்.ஏ.க்கள் பக்கம் 5,43,231, எம்.பி.க்கள் பக்கம் 5,43,200. டெல்லியில் மட்டும் பலம் இருந்தால் போதாது, மாநிலங்களும் வேண்டும். எனக்கு இதுதான் பெரிய நிறை.

அப்புறம் ஓட்டு. நாற்பது பேரை 15, 13, 12 என்று மூன்று குழுவாகப் பிரியுங்கள். குழுவுக்கு ஒரு தலைவர். ஆள் எண்ணிக்கையே அவர் ஓட்டின் மதிப்பு. போன வருடம் கபடிக்காரப் பையனும் பாட்டுக்காரப் பெண்ணும் நின்றார்கள். பெரிய குழுவில் பதினைந்து பேரும் பாட்டுக்காரிக்கே. மற்ற இரண்டில் 7-6, 7-5 என்று பையன் முந்த, தலைவர்களும் அப்படியே போட்டார்கள். 25-15, பையன் ஜெயித்தான். பிறகு எல்லோரையும் கை தூக்கச் சொன்னேன். பெண்ணுக்கு 26, பையனுக்கு 14! வகுப்பு கொந்தளித்துவிட்டது. குறையை நான் வாய் திறந்து சொல்லவே இல்லை.

நிஜத்தில் எம்.எல்.ஏ.க்களும் எம்.பி.க்களும் கட்சி சொன்னபடி போட வேண்டும் என்பதும் இல்லை. ரகசிய ஓட்டு, இன்னாருக்குத்தான் போட வேண்டும் என்ற கட்சியின் கொறடா உத்தரவு செல்லாது. 1969இல் காங்கிரஸ் நிறுத்திய சஞ்சீவ ரெட்டி தோற்று, வி.வி. கிரி வென்றது அப்படித்தான்.

சரி, நேரடியாகவே தேர்ந்தெடுக்கலாமே என்பார்கள். நாடு முழுக்க ஓட்டு வாங்கி வந்தவர் பிரதமர் நீட்டும் தாளில் பேசாமல் கையெழுத்துப் போடுவாரா என்று திருப்பிக் கேளுங்கள். வகுப்பு அமைதியாகும். உடனே, பேசாமல் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1975 ஜூன் 25 இரவைச் சொல்லுங்கள். நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் அப்போதைய குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது அன்றிரவே கையெழுத்திட்டார். அமைச்சரவை கூடியது மறுநாள் காலையில்தான்.

அந்தப் பெண் மட்டும் இன்னும் மறுஎண்ணிக்கை கேட்கிறாள்.