டெபாசிட்டை விட்டுக்கொடுக்காதீர்கள்: டர்பனில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியிலோ பீனிக்ஸ் பகுதியிலோ ஒரு அவுட்பில்டிங்கை, அதாவது வீட்டுக்காரரின் மனையிலேயே தனியாகக் கட்டிய சிறு வீட்டை, வாடகைக்கு எடுக்கப் போகிறீர்களா? குடிபோகும் முன் வீட்டுக்காரரையும் கூட வைத்துக்கொண்டு அறை அறையாகப் பாருங்கள். உடைந்தது, ஒழுகுவது, விரிசல் விட்டது எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்து போடுங்கள், அப்புறம் போட்டோ எடுத்து அன்றைக்கே அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

நான் அதைச் செய்யவில்லை. சிங்க்குக்குக் கீழே இருந்த அலமாரிப் பலகை நாங்கள் வந்தபோதே தண்ணீரில் ஊறி உப்பிப் போயிருந்தது, விரலால் அழுத்தினால் தூளாக உதிரும். சரி, பிறகு சொல்லலாம் என்று விட்டேன். இரண்டு வருஷம் கழித்துக் காலி செய்தபோது அந்தப் பலகைக்கென்று 1,800 ரேன்ட் பிடித்துக்கொண்டார்கள், என் கையில் ஒரு போட்டோ கூட இல்லை.

அப்போது எனக்குத் தெரியாதது இதுதான்: தென்னாப்பிரிக்காவின் 1999ஆம் ஆண்டு வாடகை வீட்டுச் சட்டப்படி டெபாசிட்டை வட்டி வரும் கணக்கில்தான் போட்டுவைக்க வேண்டும், அந்த வட்டியும் நமக்குச் சேர வேண்டியது. ஒப்பந்தம் முடிவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இருவரும் சேர்ந்து மறுபடி வீட்டைப் பார்க்க வேண்டும். வீட்டுக்காரர் அப்படி நம்மோடு பார்க்காமலே விட்டால், வீடு நல்ல நிலையில் இருந்ததாக அவரே ஒப்புக்கொண்டதாகிவிடும், முழுப் பணத்தையும் வட்டியோடு தர வேண்டும். பாக்கி எதுவும் இல்லையென்றால் 7 நாளில் பணம் வந்தாக வேண்டும். பழுதுக்குக் கழித்தால், வேலை முடிந்து 14 நாளுக்குள் மிச்சம் வர வேண்டும், செலவு செய்த ரசீதுகளையும் காட்ட வேண்டும். ரசீதைக் கேளுங்கள், கேட்பதற்குக் கூச்சமே வேண்டாம்.

வாய்ப்பேச்சு ஒப்பந்தமும் செல்லும். ஆனாலும் எழுத்தில் கேளுங்கள், கேட்டால் அவர் தர வேண்டும்.

தகராறு முற்றினால், வீட்டுக்காரர்–வாடகைக்காரர் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் வாடகை வீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போங்கள். புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை, அதன் தீர்ப்புக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்ற உத்தரவுக்கு உள்ள மதிப்பு உண்டு. ஒப்பந்தம், பேங்க் ஸ்லிப், போட்டோ, வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கிக் கொண்டுபோங்கள். கூரை ஒழுகுகிறதே என்ற கோபத்தில் வாடகையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்! நம் ஆட்கள் பலர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். புகார் கொடுத்த நாளிலிருந்து தீர்ப்பு வரும்வரை, அல்லது மூன்று மாதம் முடியும்வரை, எது முந்தியோ அதுவரை உங்களை வெளியேற்றக் கூடாது. ஆனால் புகாருக்கு முன் கட்டிவந்த அதே வாடகையை நீங்கள் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

பூட்டை மாற்றுவது, கரண்டை வெட்டுவது, தண்ணீரை அடைப்பது எதையும் வீட்டுக்காரர் தன் இஷ்டத்துக்குச் செய்ய முடியாது, அது குற்றம். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் யாரையும் வீட்டைவிட்டு வெளியேற்றக் கூடாது என்று அரசியலமைப்பின் 26ஆம் பிரிவே சொல்கிறது. வெளியேற்றும் உத்தரவைத் தீர்ப்பாயம் கூடப் போட முடியாது, நீதிமன்றம்தான் போட வேண்டும். அங்கேயும் விசாரணைக்குக் குறைந்தது 14 நாள் முன்பே உங்களுக்கு நோட்டீஸ் வர வேண்டும். அந்த நோட்டீஸ் கைக்கு வந்தால் மடித்து அலமாரியில் வைக்காதீர்கள், வருமானச் சான்றையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு அந்த வாரமே லீகல் எய்ட் (சட்ட உதவி) அலுவலகத்துக்குப் போங்கள். வருமானம் குறைவாக இருந்து அவர்கள் விதிகளுக்குள் வந்தால் வக்கீல் வைத்துத் தருவார்கள்.