காதுகேளாத வழிகாட்டி வீட்டுக்கு வரும்போது: பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காதுகேளாத குழந்தைகளில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் காது கேட்கும் பெற்றோருக்கே பிறக்கிறார்கள். அந்தப் பெற்றோரில் பலர் அதுவரை காதுகேளாத ஒருவரோடு பழகியதே இருக்காது. வளர்ந்த காதுகேளாதவர் ஒருவர் குறிப்பிட்ட இடைவெளியில் வீட்டுக்கு வந்து குடும்பத்துக்கு வழிகாட்டும் ஏற்பாடு இதற்காகவே பிறந்தது. அமெரிக்காவில் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஸ்கை-ஹை நிறுவனம் 1990-களில் இதை ஒரு முறையான திட்டமாக வகுத்தது. ஏற்பாடு நல்லதுதான். ஆனால் கிடைத்த வழிகாட்டியைப் பயன்படுத்தத் தெரியாமல் வீணாக்கும் குடும்பங்களும் உண்டு.

முதல் தவறு, வந்தவரிடம் குழந்தையை ஒப்படைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போவது. டியூஷன் ஆசிரியரை அப்படி நடத்தலாம். வழிகாட்டியை நடத்தக் கூடாது. அவர் வாரத்துக்கு ஒரு மணி நேரம் இருப்பார், மற்ற நேரமெல்லாம் குழந்தை உங்களோடுதான் இருக்கும். அவர் கற்றுக்கொடுக்க வருவது முதலில் உங்களுக்கு.

அவர் படப் புத்தகம் காட்டும் விதத்தை ஒருமுறை கூர்ந்து பாருங்கள். குழந்தை படத்தைப் பார்க்கும்போது அவர் கைகள் சும்மா இருக்கும். குழந்தை நிமிர்ந்த பிறகே சைகை வரும். சில நேரம் சைகையைப் புத்தகத்தின் மேலேயே, குழந்தையின் பார்வைக்குள் வைத்துக் காட்டுவார். காது கேட்கும் நாம் படத்தைக் காட்டிக்கொண்டே பேசிப் பழகியவர்கள். காதுகேளாத குழந்தையால் ஒரே நேரத்தில் படத்தையும் கையையும் பார்க்க முடியாது என்பது நமக்குத் தோன்றுவதே இல்லை. தோளைத் தொட்டு அழைப்பது, தரையைத் தட்டி அதிர்வால் கவனத்தைத் திருப்புவது, ஜன்னல் வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி உட்காராமல் இருப்பது எல்லாம் இந்த வகையைச் சேர்ந்தவைதான். பக்கத்தில் இருந்து பார்த்தால் தானாக ஒட்டிக்கொள்ளும். அம்மா மட்டும் உட்கார்ந்தால் போதாது. அப்பா, தாத்தா, பாட்டி, அண்ணன், அக்கா எல்லோரும் உட்கார வேண்டும். இல்லையென்றால், நாளடைவில் குழந்தை சொல்வது வீட்டில் ஒருவருக்கு மட்டுமே புரியும்.

‘முதலில் கருவி பொருத்துவோம், பேச்சுப் பயிற்சி கொடுப்போம், பலிக்காவிட்டால் இவரைக் கூப்பிடலாம்’ என்று தள்ளிப்போடுவது அடுத்த தவறு. இதில்தான் இழப்பு மிக அதிகம். மொழி உருவாகும் ஆரம்ப ஆண்டுகள் காத்திருப்பதில்லை. குறை கண்டறியப்பட்டு 6 மாத வயதுக்குள் உதவி தொடங்க வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட இலக்கு. காது கேட்கும் பெற்றோரின் காதுகேளாத குழந்தைகள் 6 மாத வயதுக்குள் அமெரிக்க சைகை மொழியைப் பார்க்கத் தொடங்கியிருந்தால் வயதுக்கேற்ற சொல்வளம் பெறுகிறார்கள் என்று 2021-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. காக்ளியர் இம்ப்ளாண்ட் (அறுவை சிகிச்சை செய்து உள்காதில் வைக்கும் கேட்புக் கருவி) பொருத்திய குழந்தைக்கும் வழிகாட்டி தேவை. குளிக்கும்போதும் தூங்கும்போதும் கருவியின் வெளிப்பகுதியைக் கழற்றிவிடுவோம்; அப்போதும் அந்தக் குழந்தையோடு பேச வேண்டுமே.

சைகையைப் பேச்சாகவும் பேச்சைச் சைகையாகவும் மாற்றும் மொழிபெயர்ப்பாளர் வழிகாட்டியோடு வந்தால் பெற்றோரின் கண்கள் அவர் பக்கமே போய்விடுகின்றன. ‘அவரிடம் இதைக் கேளுங்கள்’ என்று எதிரில் இருப்பவரை இல்லாதவர் போல ஆக்கிவிடுகிறோம். வழிகாட்டியின் முகத்தைப் பார்த்து, ‘நீங்கள்’ என்று நேராகக் கேளுங்கள். சைகை தெரிந்த மூத்த பிள்ளையை மொழிபெயர்க்க உட்காரவைப்பதும் வேண்டாம். பெரியவர்களின் பயங்களைச் சுமப்பது அந்தப் பிள்ளையின் வேலை அல்ல.

வழிகாட்டியைச் சாதனையாளராக வியப்பதும் பரிதாபப்படுவதும் ஏறக்குறைய ஒன்றுதான்; இரண்டிலும் உரையாடல் நின்றுபோகிறது. பதிலாக வாழ்க்கையைப் பற்றிக் கேளுங்கள். காலையில் எப்படி எழுகிறீர்கள்? (தலையணைக்கடியில் அதிரும் அலாரம் பலர் வீட்டில் உண்டு.) வேலை நேர்காணலில் என்ன செய்தீர்கள்? சிறு வயதில் வீட்டார் சாப்பிட உட்கார்ந்து சிரித்துப் பேசியபோது என்ன பேச்சு என்று உங்களுக்கு யாராவது சொன்னார்களா? கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் பதில் பல பெற்றோரைச் சங்கடப்படுத்தும். ‘அப்புறம் சொல்கிறேன்’ என்ற சமாதானத்தைக் கேட்டே வளர்ந்த காதுகேளாதவர்கள் ஏராளம்.

ஒருவரைச் சந்தித்துவிட்டு, காதுகேளாதவர்கள் எல்லோரும் இப்படித்தான் என்று முடிவு கட்டாதீர்கள். சைகையிலேயே வாழ்பவர், பேசவும் செய்பவர், கருவி அணிபவர், அணியாதவர் என்று பல விதமானவர்களைக் குழந்தை பார்க்க வேண்டும்.

திட்டம் நடத்துவோருக்கும் ஒன்று உண்டு. காது கேளாமை மட்டுமே ஒருவரை வழிகாட்டி ஆக்கிவிடாது. அதிர்ச்சியில் இருக்கும் பெற்றோரிடம் எப்படிப் பேசுவது, குழந்தையின் வளர்ச்சியை எப்படிக் கவனிப்பது என்ற பயிற்சி தேவை. பேச்சுப் பயிற்சியாளருக்குச் சம்பளம் கொடுத்துவிட்டு, அதே வீட்டுக்கு வரும் வழிகாட்டியிடம் மட்டும் சேவை மனப்பான்மையை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. அவருக்கும் சம்பளம், பயணச் செலவு, தேவைப்படும்போது மொழிபெயர்ப்பாளர் எல்லாம் பட்ஜெட்டில் இருக்க வேண்டும்.