குரோமோசோமை எண்ணும்போது இடறும் இடங்கள்

செல் பகுப்பின் கட்டங்களை வரிசை தப்பாமல் ஒப்பிக்கும் மாணவர்கூட, 'இந்தக் கட்டத்தில் மனித செல்லில் எத்தனை குரோமோசோம்?' என்று கேட்டால் தடுமாறுகிறார். தப்பு பெரும்பாலும் படத்தைப் பார்க்கும் விதத்தில்தான் இருக்கிறது.

படத்தில் ஒரு குரோமோசோம் எக்ஸ் வடிவத்தில் இரண்டு இழைகளாகத் தெரிவதால் இரண்டு குரோமோசோம் என்று எண்ணிவிடுகிறார்கள். பகுப்புக்கு முந்தைய எஸ் நிலையில் டிஎன்ஏ இரட்டிக்கிறது; ஆனால் இரு இழைகளும் ஒரே சென்ட்ரோமியரில், அதாவது இணைப்புப் புள்ளியில், பிணைந்திருக்கும்வரை அது ஒரே குரோமோசோம்தான். அந்த இழைகளின் பெயர் குரோமாட்டிட். எண்ண வேண்டியது சென்ட்ரோமியரை. எனவே மைட்டாசிஸின் (உடல் செல்களின் சாதாரணப் பகுப்பின்) மெட்டாஃபேஸில், அதாவது குரோமோசோம்கள் நடுவில் வரிசையாக நிற்கும் கட்டத்தில், 46 குரோமோசோம்கள், 92 குரோமாட்டிட்கள்.

இழைகள் எதிரெதிர் முனைகளுக்கு விலகும் அனாஃபேஸில் இதே விதி கணக்கை மாற்றிவிடும். சென்ட்ரோமியர் பிரிந்ததுமே ஒவ்வொரு குரோமாட்டிட்டும் தனிக் குரோமோசோம் ஆகிறது. செல் இன்னும் பிரியவில்லை, அதனால் விடை 92. சைட்டோபிளாசம் பிரிந்த பிறகுதான் செல்லுக்கு 46.

எண்ணுவது கடினம்தான். மனிதனுக்கு 48 குரோமோசோம் என்றே பல ஆண்டுகள் நம்பியிருந்தார்கள். செல்லை உப்பவைத்து, ஒன்றன்மேல் ஒன்று கிடந்த குரோமோசோம்களை விரித்துப் பார்த்த பிறகே 46 என்று தெளிவானது. தியோ, லெவன் என்ற இரு ஆய்வாளர்கள் 1956இல் அதை வெளியிட்டார்கள்.

முட்டையும் விந்தணுவும் உருவாகும் பகுப்பான மியாசிஸில் நடக்கும் தவறு இதைவிட ஆழமானது. 'இரண்டாம் பிரிவில்தான் எண்ணிக்கை பாதியாகிறது' என்று எழுதுகிறார்கள். பாதியாவது முதல் பிரிவில். அங்கே பிரிவது ஒத்த குரோமோசோம்கள், அதாவது தாயிடமிருந்து வந்த ஒன்றும் தந்தையிடமிருந்து வந்த ஒன்றும். சென்ட்ரோமியர் பிரிவதில்லை. ஆகவே ஒவ்வொரு செல்லிலும் 23 குரோமோசோம்கள், 46 குரோமாட்டிட்கள். சகோதரி குரோமாட்டிட்கள், அதாவது ஒரே குரோமோசோமின் இரு இழைகள், விலகுவது இரண்டாம் பிரிவில். அப்போது குறைவது டிஎன்ஏ அளவு மட்டுமே.

ஒத்த குரோமோசோமையும் சகோதரி குரோமாட்டிட்டையும் குழப்புவதற்குக் காரணம், எல்லாவற்றையும் ஒரே பேனாவால் வரைவது. வரைந்து பார்க்க நீளமாக ஒரு இணை, குட்டையாக ஒரு இணை, மொத்தம் நான்கு குரோமோசோம் போதும். தாயுடையது சிவப்பு, தந்தையுடையது நீலம். குறுக்கே கலத்தல், அதாவது குரோமாட்டிட்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வது, சிவப்புக்கும் நீலத்துக்கும் இடையில் வர வேண்டும். சிவப்பு சிவப்போடு மாற்றிக்கொண்டால் புதிய சேர்க்கை எதுவும் கிடைக்காது.

புரிந்ததா என்று சோதிக்க ஒரு கேள்வி: அண்டகத்திலிருந்து வெளியேறும் முட்டையில் எத்தனை குரோமாட்டிட்? 23 என்று எழுதத் தோன்றும். அந்த முட்டை மியாசிஸின் இரண்டாம் பிரிவின் மெட்டாஃபேஸில் நின்றுவிட்டது. விந்தணு நுழைந்த பிறகே மியாசிஸ் முடியும். விடை 46.