மண் குடிலில் ஓய்வில்லம் நடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருவண்ணாமலைப் பக்கம் மண்ணைக் குழைத்துக் கையாலேயே கட்டிய குடில்களில், நகரத்திலிருந்து இளைப்பாற வருவோரைத் தங்கவைத்து வருகிறேன். அண்மையில் புதிதாகத் தொடங்கும் மூன்று நண்பர்களின் கட்டுமானங்களைப் பார்க்கச் சென்றபோது, நான் செய்த பிழைகளையே அவர்களும் ஏறக்குறைய அதே வரிசையில் செய்துகொண்டிருந்தார்கள். கடைக்கால் உயர்த்த வேண்டும், கரையானைக் கவனிக்க வேண்டும் என்பவை எல்லாரும் அறிந்தவை என்பதால் விட்டுவிடுகிறேன்.

மண் சுவருக்குச் சிமென்ட் பூசுவது

இன்றும் எனக்கு ஆற்றாமை தருவது இதுதான். முதல் குடிலை முடிக்கும்போது ஐப்பசி நெருங்கிவிட்டது. வாடைச் சாரல் நேரே அடிக்கும் வடக்குச் சுவர் கரைந்துவிடுமோ என்று பயந்து, கொத்தனார் சொன்னபடி கோழிவலை அடித்துச் சிமென்ட் பூசிவிட்டோம். அந்த மழையைச் சுவர் நன்றாகவே தாங்கியது. அடுத்த ஆண்டு மழை ஓய்ந்த பிறகு, தை மாதத்துக் காலையொன்றில், தங்கியிருந்த அம்மா ஒருவர், மூச்சுப் பயிற்சிக்கு உட்கார்ந்தால் பூஞ்சை வாடை அடிக்கிறது என்றார். வெளியே சென்று தட்டிப் பார்த்தேன். வெற்றுப் பானையைப் போல ஒலித்தது. ஓரத்தில் கடப்பாரையால் நெம்பியதும் ஓர் ஆள் உயரத்திற்குப் பூச்சு வலையோடு கழன்று விழுந்தது. உள்ளே மண் கேழ்வரகுக் களியைப் போலக் குழைந்து கிடந்தது; கையை வைத்தால் மணிக்கட்டு வரை புதைந்தது; வைக்கோல் கறுத்து அழுகியிருந்தது.

மண் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், காய்ந்த காற்று பட்டதும் விட்டுவிடும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. வெயிலிலும் ஈரத்திலும் இரண்டும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதால் பூச்சில் மயிரிழை போன்ற வெடிப்புகள் விழுகின்றன. அவற்றின் வழியே புகும் மழைநீரும் தரையிலிருந்து ஏறும் ஈரமும் வெளியேற முடியாமல் சுவரை உள்ளிருந்தே கரைக்கின்றன. நான்கு மாதம் குடிலை மூடி அந்தச் சுவரை இடித்துக் கட்டினோம்.

நீற்றிய சுண்ணாம்பைச் சில வாரங்கள் தொட்டியில் ஊறவைத்து, பங்குக்கு மூன்று பங்கு மணல் சேர்த்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் அரைத்துப் பூசியிருக்க வேண்டும். சுண்ணாம்பு, காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்ல மெல்ல இறுகுவது. ஆகவே ஆவணிக்குள் பூச்சு முடிந்துவிட வேண்டும். பலர் ஐப்பசி வரை தள்ளிப்போட்டு, அவசரத்தில் சிமென்ட் மூட்டையை அவிழ்க்கிறார்கள். "ஒரு கோட்டுதானே அண்ணா" என்று நண்பர்களில் ஒருவர் கேட்டபோது எனக்குக் கோபமே வந்தது. ஈரத்தை அடைக்கும் பிளாஸ்டிக் பெயின்ட்டும் இதே கேட்டைத்தான் செய்யும்.

மண்ணைச் சோதிக்காமல் குழைப்பது

கண்ணாடிப் பாட்டிலில் மண்ணும் நீரும் இட்டுக் குலுக்கி, ஒரு நாள் அசையாமல் வையுங்கள். மணல் அடியிலும், வண்டல் நடுவிலும், களி மேலேயும் படியும். களி மிகுந்தால் சுவர் காயும்போது வெடிக்கும், குறைந்தால் உதிரும். கரிசல் மண்ணை அப்படியே பயன்படுத்தவே வேண்டாம்.

நடுப்பகலில் சன்னல்களைத் திறந்து வைப்பது

இயற்கைக் காற்று வேண்டும் என்று வந்தவர்கள் சித்திரை வெயிலிலும் எல்லாவற்றையும் திறந்து போடுவார்கள். ஒன்றரை அடி மண் சுவர் பகல் வெப்பத்தை மெதுவாகவே உள்ளே விடும். அனல் காற்றை அழைத்து வந்தால் அந்தப் பயன் வீணாகிவிடும். இரவில் திறந்து, காலை எட்டு மணிக்குள் சாத்துங்கள்.

குளியலறையை மண் சுவரோடு ஒட்டிக் கட்டுவது

வேண்டாம். தள்ளிக் கட்டுங்கள்.

நோய் தீரும் என்று விளம்பரம் செய்வது

மருத்துவர் இல்லாத இடத்தில் அந்தச் சொல்லே கூடாது.

மெழுகிய தரையைப் பினாயில் ஊற்றித் துடைப்பது

ஈரத் துடைப்பம் சாண மெழுக்கைப் பெயர்த்துவிடும். பெருக்கினால் போதும், வாரம் ஒரு முறை மெழுகுங்கள், விருப்பமுள்ள விருந்தினர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் குடில்களில் வெள்ளிக்கிழமை காலையில் மெழுகுகிறோம்; பதினோரு மணிக்குள் உலர்ந்துவிடும், பிறகு அதே தரையில் பாய் விரித்துப் படுக்கிறார்கள்.