குன்னூர் ஜன்னலைப் பார்த்து கோவை விமானத்தைக் கைவிடாதீர்கள்

அதிகாலையில் ஜன்னலைத் திறப்பார்கள், எதிர்வீடு தெரியாது, உடனே "இன்னைக்கு ஃபிளைட் போன மாதிரிதான்" என்று மறுபடி போர்வைக்குள் போய்விடுவார்கள். குன்னூர்க்காரர்கள் செய்கிற முதல் தவறு இது. குன்னூர் ஏறக்குறைய 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கோவை விமான நிலையம் சுமார் 400 மீட்டரில். நம் வாசலில் நிற்பது பெரும்பாலும் மேகம்தான்; ஈரக்காற்று மலைச்சரிவில் ஏறி, ஏற ஏறக் குளிர்ந்து, தேயிலைத் தோட்டத்துக்குள்ளேயே மேகமாகி உட்கார்ந்துவிடுகிறது. மேட்டுப்பாளையம் போகிற மலைப்பாதையில் பர்லியாறு தாண்டி இறங்கினால் பல நாள் அதே மேகத்தை அண்ணாந்து பார்க்கலாம்.

இதைவிடப் பெரிய குழப்பம் நம் பேச்சிலேயே இருக்கிறது. மலை மேகம், உறைபனி, மூடுபனி எல்லாவற்றுக்கும் "பனி" என்கிறோம். ஊட்டியில் உறைபனி படிகிற இரவில் மேகமே இருக்காது, நட்சத்திரம் எண்ணலாம், காற்றும் அசையாது. அப்படிப்பட்ட இரவில்தான் சமவெளியில் தரை மளமளவென்று சூட்டை இழக்கும், மண்ணிலும் காற்றிலும் ஈரம் இருந்தால் மூடுபனி தரையோடு தரையாகக் கட்டிக்கொள்ளும். அதாவது மலை பளிச்சென்று இருக்கிற காலையில்கூட ஓடுபாதை மூடியிருக்கலாம். வெயில் ஏறினால் அது கலையும். மலை மேகம் அப்படியில்லை, ஈரக்காற்று வீசுகிறவரை நடுப்பகலிலும் நிற்கும்.

சரி, கோவையில் வெயில் அடிக்கிறது, ஆனாலும் தாமதம் என்கிறார்கள். கவுன்டரில் இருக்கிற பையனிடம் கத்தாதீர்கள். உங்களை ஏற்றிப்போக வேண்டிய விமானம் டெல்லியிலோ பெங்களூரு தேவனஹள்ளியிலோ மூடுபனியில் மாட்டியிருக்கும். விமானம் எங்கே நிற்கிறது என்பதைக் கிளம்பும் முன் செல்போனில் பார்த்துவிடுங்கள். வானிலையால் ரத்தானால் நஷ்டஈடு கேட்க முடியாது, ஆனால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம், இல்லை வேறு விமானம் கேட்கலாம்.

"எல்லாம் கம்ப்யூட்டர்தானே இறக்குது" என்கிறவர்களும் உண்டு. ஓடுபாதையில் உள்ள கருவி, விமானம், விமானியின் பயிற்சி மூன்றும் அதற்கேற்ற தரத்தில் இருந்தால்தான் அது நடக்கும். கருவியின் உதவியோடு இறங்குவதில் சாதாரணத் தரமான கேட்டகரி 1-க்கு ஓடுபாதையில் 550 மீட்டராவது கண்ணுக்குத் தெரிய வேண்டும்; டெல்லியில் 50 மீட்டரில்கூட இறங்க வசதி இருக்கிறது. டெல்லியில் இறங்குகிறதே, இங்கே ஏன் இறங்கவில்லை என்று கேட்பதில் அர்த்தமில்லை.

ஹெலிகாப்டர் என்றால் எங்கும் போகும் என்ற நினைப்பு நம் ஊரில் இப்போது யாருக்கும் இருக்காது என்று நம்புகிறேன். 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து குன்னூர் பக்கத்து வெலிங்டனுக்கு வந்த விமானப்படை ஹெலிகாப்டர் நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதியாக இருந்த ஜெனரல் பிபின் ராவத் உட்பட அதில் வந்த 14 பேரும் இறந்தார்கள். பள்ளத்தாக்கில் வானிலை திடீரென்று மாறி, ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்ததில் விமானி திசை உணர்வை இழந்தார் என்றது விசாரணை. மலையில் மேகத்துக்குள் எது வானம், எது பாறை என்று கண் சொல்லாது.

அப்புறம், விமானத்தைப் பிடிக்கிற அவசரத்தில் மலைப்பாதையில் ஹைபீம் போடுவது. வெளிச்சம் மேகத்தில் பட்டுத் திரும்பி உங்கள் கண்ணையே கூசவைக்கும், அதனால் லோபீம்தான், கூடவே இருந்தால் ஃபாக் லைட். ஒரு மணி நேரம் முன்னாலேயே கிளம்பிவிடுங்கள், வளைவில் காட்டெருமை நின்றால் பக்கத்தில் போன பிறகுதான் தெரியும், அதுவும் நீங்கள் ஹார்ன் அடித்ததற்காக நகராது.